மூவிலைப் பூ விற்ற வீடு

இந்த வீட்டை விற்றது வெண்டல் என்று மலையிடுக்கில் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வருஷக்கணக்காக முட்டி மோதியும் அவனால் இதை யார் தலையிலும் கட்ட முடியவில்லை. விற்றுக் கொடுத்தவள் நான்தான். என் கையால் விதை போட்டு, என் வாயால் ஆளைக் கூப்பிட்டு, நான் குடியிருந்த வீட்டை நானே விற்றுக் கொடுத்தேன். என்னைவிடப் பெரிய முட்டாளை யாராவது பார்த்திருந்தால் அழைத்து வாருங்கள், சோள ரொட்டி சுட்டுப் போடுகிறேன்.

வெண்டல் என் கொழுந்தன். கென்டக்கி மலையை விட்டு இறங்கி ஓஹையோவில் டேட்டன் நகரத்துக்குப் போனவன், அங்கேயே வேலை, அங்கேயே பெண்டாட்டி பிள்ளை என்று தங்கிவிட்டான். என் புருஷன் ஹோபர்ட் சுரங்கத் தூசியில் நுரையீரல் அடைத்துச் செத்தான். அதற்கு அடுத்த வருஷம் மாமனாருக்குக் கை கால் விழுந்துவிட்டது. அவரை வைத்துப் பார்த்தது நான். பள்ளிக்கூடச் சமையலறையில் பகலெல்லாம் வெந்துவிட்டு வந்து, அவருக்கு ஊட்டி, கழுவி, புரட்டிப் படுக்க வைத்து, அவர் வாயிலிருந்து வருகிற வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்ல நாளில் மட்டும் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: “ஒர்லீனா, உன் உசுரு இருக்கிற வரைக்கும் இது உன் வீடு. எவனும் உன்னைக் கெளப்ப முடியாது.”

வாயால் சொன்னாரே தவிர எழுதி வைக்கவில்லை. எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்கும் நாக்கு வரவில்லை. படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் போய்ப் பத்திரம் கேட்பார்களா? ஹோபர்ட் அப்பனுக்கு முன்னாலேயே போய்விட்டான், எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. சட்டப்படி வீடு வெண்டலுக்குப் போயிற்று.

கிழவரைப் புதைத்துவிட்டு வந்து, தேவாலயத்துக் கூடத்தில் எல்லோரும் பன்றித் தொடையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெண்டல் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நான் ஒண்ணும் உன்னை நடுத்தெருவுல விட்டுட மாட்டேன், ஒர்லீனா. வீடு வித்துப் போற வரைக்கும் இருந்துக்கோ. வாடகைகூட வேணாம்,” என்றான்.

என்ன பெரிய மனசு! கிழவரின் மலத்தை வாரின கைக்கு வாடகை தள்ளுபடி.

வேறு போக்கிடம் எனக்கு ஒன்றே ஒன்று இருந்தது. டவுனில் நெடுஞ்சாலை ஓரம், வயசானவர்களுக்கென்று அரசாங்கம் கட்டி வைத்திருக்கிற அடுக்கு வீடு. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரி லாரியின் புகை. கீழே தார் போட்ட வண்டி நிறுத்துமிடம். ஒரு கைப்பிடி மண் கிடையாது. அங்கே போவதைவிடக் கிழவர் பக்கத்திலேயே குழி தோண்டிப் படுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். ஆகவே இந்த வீடு விற்கக் கூடாது. என் வேண்டுதல் எல்லாம் அது ஒன்றுதான்.

வேண்டுதல் பலித்துக்கொண்டுதான் இருந்தது. ஏனென்றால் வீடு இருட்டு. எங்கள் மலையிடுக்கின் வடக்குப் பார்த்த பக்கத்தில், சரிவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னாலேயே வானத்துக்கு ஏறின காட்டு மரங்கள், பாப்லரும் பீச்சும். கோடைக்காலத்தில் பட்டப்பகலிலும் சமையலறையில் விளக்குப் போட வேண்டும். கூரையில் பாசி, பாதாளக் கிணற்றுத் தண்ணீரில் கந்தக நாற்றம். வெண்டல் சாலையோரத்தில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனான். அதன்மேல் காட்டுக்கொடி ஏறுவதை நான் தடுக்கவில்லை. இரண்டாவது வருஷம் அது சாய்ந்தபோது தூக்கி நிறுத்தவும் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கோடையில்தான் வருவார்கள். நான் மரியாதையாகக் காபி போட்டுக் கொடுத்து, உண்மையைத்தான் சொல்வேன். எந்த உண்மையை முதலில் சொல்வது என்பது மட்டும் என் இஷ்டம்.

“பாம்பு உண்டுதான். ஆனா செம்புத்தலைப் பாம்புதான், அது வழியில போறவங்களைச் சும்மா கடிக்காது. படியில மட்டும் பார்த்துக் கால வைங்க,” என்பேன். “தண்ணிதானே? பழகிடும். முதல் வருஷம்தான் வயிறு கொஞ்சம் போகும்.”

காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டு டெஸ்ஸி இதையெல்லாம் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். “அடியே, உன்னை வெண்டல் தரகரா வச்சிருந்தா இந்த ஊர்ல ஒரு வீடும் விக்காது,” என்பாள்.

டெஸ்ஸிதான் எனக்கு இருக்கிற ஒரே நட்பு. அவள் வாயும் என் வாய் மாதிரிதான், அதனால் ஒத்துப்போகிறோம். அவள் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், வெயில் விழுகிற பக்கம். பீன்ஸ் பந்தல், தக்காளி, சோளம் எல்லாம் அவளுக்கு வந்து குவியும். எங்கள் மலையில் ஒரு பெண்பிள்ளை வீட்டு நிலவறையில் கண்ணாடி ஜாடிகளில் அடைத்த பீன்ஸ் இல்லை என்றால் அவளைச் சோம்பேறி என்பார்கள். என் வீட்டு நிழலில் பீன்ஸ் கொடி ஏறி, நாலு வெளிறின இலை விட்டு, அப்படியே நின்றுவிடும். தக்காளி பச்சையாகவே அழுகும்.

“பீன்ஸ் வராத வீட்டுல என்னடி பண்றே? காளான் போடு. இல்ல, வௌவால் வளரு,” என்றாள் டெஸ்ஸி ஒரு நாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிழலில் எது வருமோ அதை வளர்த்துக் காட்டுகிறேன் என்று, மலைக்கு மேலே ஏறிப் போய் மூவிலைப் பூவின் காய்களைப் பறித்து வந்தேன். தண்டு உச்சியில் மூன்று இலை, அதன் நடுவில் மூன்று இதழோடு ஒரே ஒரு வெள்ளைப் பூ. வசந்தத்தில் மரங்கள் இலை விடுவதற்கு முன்னால், தரை வரைக்கும் வெயில் வருகிற அந்தக் கொஞ்ச நாளில் பூத்துவிட்டு, கோடை முற்றும்போது மண்ணுக்குள் போய்விடும். இலை உதிர்கிற மரத்தடி நிழல் இல்லாவிட்டால் அது பிழைக்காது. செடியைத் தோண்டி எடுத்து வந்து நடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் செத்துப் போகும். நான் விதைதான் எடுத்தேன்.

அந்த விதைக்கு எறும்பு உயிரை விடும். அதில் ஒட்டியிருக்கிற கொழுப்புக்காக இழுத்துக்கொண்டு ஓடிவிடும். எறும்புக்கு முந்தி, ஈரம் காய்வதற்குள் சரிவில் மட்கின இலைக்கு அடியில் ஊன்றினேன். அடுத்த வசந்தத்தில் ஒன்றுமே வரவில்லை. டெஸ்ஸி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “அருமையா வந்திருக்குடி. கண்ணுக்குத்தான் தெரியல,” என்றாள்.

முதல் வருஷம் அது வேர் மட்டும்தான் விடும். அதற்கு அடுத்த வருஷம் புல் மாதிரி ஒரே ஒரு இலை. அப்புறம் பல வருஷம் ஒரே இலை, பிறகு மூன்று இலை. பூ என்ற பேச்சுக்கே ஏழெட்டு வருஷம் ஆகும். வருஷா வருஷம் காய் பறித்து வந்து ஊன்றிக்கொண்டே இருந்தேன். விழுந்த கிளைகளைப் பொறுக்கினேன், களையைக் கையால் பிடுங்கினேன், இலைச் சருகை மட்டும் வாராமல் விட்டேன். மான்களுக்கு இந்தச் செடி என்றால் கற்கண்டு. அதுகளை விரட்ட, சலவைக் கட்டிச் சோப்பை வெட்டிப் பழைய காலுறையில் போட்டுக் கிளைக்குக் கிளை தொங்கவிட்டேன்.

“சரிவு முழுக்கக் காலுறை தொங்குது. ஹோபர்ட் திரும்பி வந்துட்டானா, துவைச்சுப் போட்டிருக்கியா?” என்று கேட்டாள் டெஸ்ஸி.

அவள் சிரித்தாலும் எனக்குக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு அந்தச் சரிவு ஒன்றுதான் பிடிப்பு. இந்த வீட்டில் என் பெயருக்கு ஒரு ஆணிகூட இல்லை. ஆனால் அந்தச் சரிவில் முளைத்த ஒவ்வொன்றும் நான் ஊன்றினது. காலையில் காபிக் கோப்பையோடு போய் நின்று பார்ப்பேன். யாருடைய வீடு என்பதெல்லாம் அங்கே மறந்து போகும்.

இந்த வருஷம் ஏப்ரலில் பூத்தது. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று முன்பும் பூத்ததுண்டு. ஆனால் இந்த முறை ஊன்றினது எல்லாம் சேர்ந்துகொண்டது. சரிவு அடியிலிருந்து மேலே பீச் மரங்கள் வரைக்கும் வெள்ளை. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். டெஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பீன்ஸ் மட்டும் இப்படி வந்திருந்தா...” என்று கடைசியில் ஆரம்பித்தாள். நான் முறைத்தேன். “சரி சரி, அழகா இருக்குடி. போதுமா?” என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம், சாலையில் போன ஒரு கார் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. இறங்கினவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். லூயிவில் நகரத்துக்காரர்கள். அவள் பெயர் மெரிடித், அவன் பெயர் நீல். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். அவள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு வாயில் கை வைத்துப் பார்த்தாள்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் கிட்டக்க வந்து பார்க்கலாமா? ஒரு படம் எடுத்துக்கிறேன்,” என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக டெஸ்ஸியின் கேலியைத் தவிர இந்தச் சரிவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாருங்கள் என்று கூப்பிட்டு, பாதை காட்டி, எறும்பிலிருந்து காலுறை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு செடியாகக் குனிந்து குனிந்து பார்த்தாள். “விதையிலிருந்தா? நீங்க தனியாவா? கடவுளே!” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உள்ளே உட்கார வைத்துக் காபியும் ஆப்பிள் அடுக்குக் கேக்கும் கொடுத்தேன். ஒரு பாம்பைக்கூட நான் அன்றைக்கு வாயில் எடுக்கவில்லை. வீடு வாங்க வந்தவர்கள் இல்லையே, எதற்கு?

அவர்கள் கிளம்பும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எங்கள் மலையில் வீட்டுக்கு வந்தவர் எழுந்தால், “என்ன அவசரம், இங்கேயே இருந்திடுங்களேன்,” என்று சொல்லாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். “இல்ல, நீங்க எங்க வீட்டுக்கு வாங்க,” என்று பதில் வரும். அதோடு முடிந்தது. யாரும் இருக்கவும் மாட்டார்கள், யாரும் போகவும் மாட்டார்கள். வரி வசூலிக்க வந்தவனிடம்கூட அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

“என்ன அவசரம்? இங்கேயே இருந்திடுங்களேன். உங்களுக்குத்தான் இந்தச் சரிவு இவ்வளவு பிடிச்சுப் போச்சே,” என்றேன்.

மெரிடித் நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

“நெஜமாவா சொல்றீங்க?” என்றாள். அவள் கண்ணே கலங்கியிருந்தது. “நாங்க மலைப்பக்கம் ஒரு வீடு தேடித்தான் ரெண்டு வருஷமா அலையறோம். கீழ ஒரு பலகை சாய்ஞ்சு கெடந்துச்சு. கொடி மூடியிருந்துச்சு. நீலுகிட்ட அப்பவே கேட்டேன், விக்கிற வீடா இருக்குமோன்னு. நீங்களே கூப்பிடறீங்களே!”

“அது இல்லம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு, வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றது...” என்று இழுத்தேன்.

“தெரியுது, சங்கடப்படாதீங்க. நாங்க உங்களை அவசரப்படுத்த மாட்டோம்,” என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவன் கீழே போய்க் கொடியை விலக்கிப் பலகையில் இருந்த தொலைபேசி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டான். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் ஒன்று இல்லாமல் பிறந்திருக்கலாம்.

மறுநாளே வெண்டல் கூப்பிட்டான். குரலில் கல்யாண வீட்டுக் களை.

“ஒர்லீனா! என்ன மாயம் பண்ணே? லூயிவில்லேருந்து ஒருத்தி கூப்பிட்டா. விலையைக்கூடப் பேசல. அந்தப் பூ, அந்தப் பூன்னு உருகுறா. நீ அவளை இங்கேயே இருந்திடச் சொன்னியாமே?”

“நீயும் இந்த மலையில பொறந்தவன்தானே? அது எதுக்குச் சொல்றதுன்னு உனக்குத் தெரியாது?”

“எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே,” என்று சிரித்தான்.

“வெண்டல், சிரிக்காதே. உன் அப்பா எனக்கு வார்த்தை கொடுத்திருக்காரு. என் உசுரு இருக்கிற வரைக்கும் இது என் வீடுன்னு சொன்னாரு. உனக்கும் தெரியும்.”

“அப்பா படுக்கையில கெடந்தப்ப என்னென்னவோ சொன்னாரு. என்னை ஹோபர்ட்னுகூடத்தான் கூப்பிட்டாரு,” என்றான். “அதெல்லாம் கணக்குல வருமா? நான் இத்தனை வருஷம் உன்னைச் சும்மாதானே இருக்க விட்டேன்? ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன். தயவு செஞ்சு பாம்புக் கதையை ஆரம்பிக்காதே.”

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தும் விட்டு வைத்திருந்திருக்கிறான், எப்படியும் ஒரு நாள் விற்கும் என்று.

டெஸ்ஸியிடம் போய் அழுதேன். அவள் பட்டாணி முளைகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

“அவளுக்கு வேண்டியது வீடு இல்லடி, பூ. பூ இல்லேன்னா அந்த இருட்டுக் குகையை எவ வாங்குவா?” என்றாள். “சோப்பை எல்லாம் அவுத்துடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மான் வந்து சுத்தமா மேஞ்சுட்டுப் போயிரும்.”

“என் கையாலயா?”

“உன் கையால ஏன்? மான் வாயால. இன்னொரு தடவை விதை போட்டுக்கலாம். வீட்டுக்கு விதை உண்டா?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு கிளையாக எட்டி, காலுறைகளை அவிழ்த்து வாளியில் போட்டேன். பெற்ற பிள்ளையை ஓநாய்க்கு எடுத்து வைக்கிறவள் மாதிரி இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால் ஒரு இதழ் குறையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மான்கள் எல்லாம் டெஸ்ஸியின் பட்டாணி முளையைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. இத்தனை வருஷமும் விரட்ட விரட்ட வந்ததுகள், கூப்பிட்டபோது வரவில்லை. டெஸ்ஸி பாத்தியில் நின்று மான் வம்சத்தையே திட்டினாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதைவிட, பூ பிழைத்துக் கிடந்ததில் உள்ளுக்குள் சந்தோஷமும் வந்ததே, அந்தச் சந்தோஷத்தைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது சரிவு முன்னைவிட நன்றாக இருந்தது. நான் பாம்பைச் சொன்னேன்.

“பாம்பும் இந்தக் காட்டோட சொந்தம்தானே? நாமதான் வந்தவங்க,” என்றாள் மெரிடித்.

தண்ணீர் நாற்றத்தைச் சொன்னேன். வடிகட்டி போட்டுவிடலாம் என்றான் நீல். இருட்டைச் சொன்னேன். அவன் மட்டும் அண்ணாந்து மரங்களைப் பார்த்துத் தலையாட்டினான். வெண்டல் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. அவள் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். சமையலறை மேஜையில், நான் கிழவருக்குக் கஞ்சி ஆற்றின அதே மேஜையில், கை குலுக்கி முடித்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு வெண்டல் என் தோளைத் தட்டினான். “சத்தியமா சொல்றேன், நீ மட்டும் அந்தப் பூவை வளர்க்கலேன்னா இது என் பேரப்பிள்ளை காலத்துலகூட வித்திருக்காது. உன் புண்ணியம்,” என்றான்.

“தொடாதே,” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது உண்மைதான். அதனால்தான் அப்படி வலித்தது. நான் சோம்பேறியாக இருந்திருந்தால், டெஸ்ஸி சொன்னபடி வௌவால் வளர்த்திருந்தால், இந்த வீட்டிலேயே கண்ணை மூடியிருப்பேன்.

ஜூன் மாதம் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. டவுனில் மாடி வீடு கிடைத்துவிட்டது. என் சாமான் எல்லாம் டெஸ்ஸியின் வண்டியின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது, பாதி இடம் மிச்சம். அவள் சாலையோரத்தில் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மெரிடித் தனியாகத்தான் வந்திருந்தாள். பூ எல்லாம் எப்போதோ முடிந்து, இலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் மரங்கள் கூடிவிட்டதால் சரிவு பச்சை இருட்டாக இருந்தது.

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு சரிவைச் சுற்றி வந்தாள். எப்போது விதை முற்றும், என்ன போட வேண்டும், எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கெட்டவள் இல்லை அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நான் மனசாரத் திட்டியிருப்பேன்.

“நீங்க எப்ப வேணா வந்து பார்க்கலாம். இது எப்பவும் உங்க தோட்டம்தான்,” என்றாள்.

என் உயிர் உள்ளவரை என் வீடு என்று கிழவரும் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இன்னொண்ணு கேக்கணும்,” என்றாள் மெரிடித். “வீடு ரொம்ப இருட்டா இருக்கு, அந்தப் பெரிய மரங்களை எடுத்துட்டா நல்லா வெளிச்சம் வரும்னு நீல் சொல்றாரு. எனக்குப் பூவை நெனைச்சாத்தான் பயம். ஆனா வெயில் பட்டா பூவும் ஜாஸ்தியா வரும்தானே? நான் அவர்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன், ஒர்லீனா அம்மா வேணாம்னா ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாதுன்னு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்.”

அண்ணாந்து பார்த்தேன். பாப்லர் இலைகள் மேலே எங்கேயோ அசைந்துகொண்டிருந்தன. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதைக் கும்பிட்டு எடுத்துக்கொள்வாள். மரம் நிற்கும், நிழல் நிற்கும், வருஷா வருஷம் ஏப்ரலில் அவள் காபிக் கோப்பையோடு இந்தப் படியில் வந்து நிற்பாள். அவளுடைய சிநேகிதிகள் காரில் வந்து இறங்கி வாயில் கை வைத்துப் பார்ப்பார்கள். நான் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் என் வார்த்தைக்கு ஒரு காசு மதிப்பு இருந்ததில்லை. இப்போது, சாவியைக் கொடுக்கிற நாளில், என் வார்த்தைதான் சட்டம் என்கிறாள்.

“வெட்டுங்க,” என்றேன். “ஒண்ணு ரெண்டை மட்டும் வெட்டினா பத்தாது. எல்லாத்தையும் எடுத்துடுங்க. இதுங்க வெயிலுக்குத்தான் ஏங்கிக் கெடக்குதுங்க. எனக்கு வெட்ட ஆள் இல்ல, அதான் விட்டுட்டேன்.”

மெரிடித் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்,” என்றாள். நான் மரம் மாதிரி நின்றேன். பிறகு சாவியை அவள் கையில் வைத்துவிட்டு இறங்கி வந்து வண்டியில் ஏறினேன்.

டெஸ்ஸி என் முகத்தைப் பார்த்தாள். “இவ்வளவு நேரம் என்னடி கேட்டா அவ?”

“பூவை எப்படிப் பார்த்துக்கறதுன்னு கேட்டா.”

“சொல்லிக் கொடுத்தியா?”

“சொல்லிக் கொடுத்தேன்,” என்றேன். டெஸ்ஸி வண்டியைக் கிளப்பினாள்.